நிற்கும் வண்டியும் தேயும்!

ஓடுகிற வண்டிதான் தேயும், கொட்டகையில் நிற்கிற வண்டிக்கு ஒரு குறைவும் வராது என்பது நம்மில் அநேகருடைய எண்ணம். வாரத்துக்கு ஒரு நாள் கோயிலுக்கும், வருஷத்துக்கு இரண்டு தடவை சொந்த ஊருக்கும் மட்டுமே மோட்டாரை எடுக்கும் குடும்பங்களில் இந்த எண்ணம் நன்றாக வேரூன்றியிருக்கிறது. "ஏழு வருஷத்தில் இருபதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, புத்தம் புதிசு மாதிரி இருக்கிறது!" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் ரப்பருக்கும் பாட்டரிக்கும் பெட்ரோலுக்கும் கிலோமீட்டர்க் கணக்கோடு நாள்கணக்கும் உண்டு.

2020-ம் வருஷம் மார்ச் 25-ந் தேதி நாடெங்கும் ஊரடங்கு ஆரம்பமாயிற்று. வாரக்கணக்காக வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. பிறகு சாவியைத் திருப்பிய எத்தனையோ பேருக்கு 'கடக்' என்ற சப்தமே பதிலாகக் கிடைத்தது.

பாட்டரியும் கொட்டகையும்

முதலில் சோர்ந்து போவது பாட்டரி. ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் தோய்த்து மின்சாரத்தைச் சேமிக்கும் முறையை 1859-ல் காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கண்டுபிடித்தார். இன்றும் பெரும்பாலான வண்டிகளில் அதுதான் இருக்கிறது. எஞ்சின் நின்ற பிறகும் கடிகாரம், திருட்டு எச்சரிக்கை மணி முதலியவை அதிலிருந்து சொட்டுச் சொட்டாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. நிறைந்த பாட்டரியை ஓய்வான நிலையில் அளந்தால் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் ஏறக்குறையக் காலிதான். அப்படியே விட்டுவைத்தால் தகடுகளின் மேல் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுப் போகும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய சக்தி திரும்பாது.

தினம் ஐந்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம்கூட அந்த ஐந்து நிமிஷத்தில் முழுதும் திரும்புவது சந்தேகம். வாரம் ஒரு முறை அரைமணி நேரம் வெளியே ஓட்டி வருவதே மேல். கதவை மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது. புகையில் கலந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் வருவதுபோல வந்து உயிரைக் கொண்டுபோய்விடும்.

பல வாரங்கள் வெளியூர் போகிறவர்கள் பெட்ரோல் டாங்கியை நிரப்பிவிட்டுப் போவது நல்லது. காலியிடம் இருந்தால் ஈரக் காற்று தங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கைப் பிரேக்கை இழுத்துவிட்டுப் போனால் மழைக்காலத்தில் பிரேக் துருவேறி ஒட்டிக்கொள்ளும். சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தால் போதும்.

பள்ளமான இடத்தில் வண்டியை நிறுத்துவதன் பலனைச் சென்னைவாசிகளுக்கு 2015 டிசம்பர் வெள்ளம் கற்பித்தது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடனே வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்கள் வரிசையாக ஏறி நின்றுகொண்டன! தண்ணீரில் மூழ்கிய வண்டியை 'ஓடுகிறதா பார்க்கலாம்' என்று ஸ்டார்ட் செய்யலாகாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கையில் பிஸ்டன் மேலே வந்தால் அதைத் தாங்கும் ராடு வளைந்துவிடும், எஞ்சினே பாழ்.

விளக்குகள்

நம்மிடையே பல வண்டிகளின் முன் விளக்கில் இருப்பது ஹாலஜன் பல்பு. 'எச்4' என்ற வகையில் இரண்டு இழைகள் உண்டு. தூர ஒளிக்கு 60 வாட், தாழ்ந்த ஒளிக்கு 55 வாட். புதுப் பல்பை மாட்டும்போது கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. தோலிலுள்ள எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகக் கொதித்து, பல்பு சீக்கிரம் போய்விடும். அதிக வாட் பல்பு போட்டால் வயர்கள் சூடேறும். எதிரே வருகிறவர் கண்ணும் கூசும். பின்புற பிரேக் விளக்கைப் பரீட்சை செய்வது சுலபம். இரவில் சுவரை ஒட்டி வண்டியைப் பின்பக்கமாக நிறுத்தி மிதித்துப் பார்த்தால், எரிகிறதா இல்லையா என்பதைச் சுவரே சொல்லிவிடும்.

டயரின் ஜாதகம்

இவை கெட்டால் பணம் போகும், பிரயாணம் தடைப்படும். டயர் கெட்டால் அதைவிடப் பெரியது போகும். ஆனால் அதன் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிப்பவர் எத்தனை பேர்?

'185/65 ஆர் 15 88 எச்' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். டயரின் அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு. 'ஆர்' என்றால் ரேடியல் அமைப்பு. 15 என்பது உள் வளையத்தின் விட்டம், அங்குலத்தில். 88 என்பது பாரத்தின் குறி. அந்த ஒரு டயர் 560 கிலோ வரையில் தாங்கும். 'எச்' என்பது வேகத்தின் குறி. மணிக்கு 210 கிலோமீட்டர் வரையில் தாங்கும். 'டி' என்றிருந்தால் 190.

இந்தக் கணக்கெல்லாம் காற்று சரியாக இருந்தால்தான். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும். அதனால் உள்ளே சூடு ஏறும். கோடை விடுமுறையில் ஐந்து பேரும் பெட்டி படுக்கைகளும் ஏறி, நடுப்பகல் தார்ச் சாலையில் வேகமாகப் போனால் அது வெடிப்பதற்கு வேறு காரணம் வேண்டாம். எவ்வளவு காற்று வேண்டும் என்பது டிரைவர் பக்கத்துக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கிறது. டயரின் மேலேயே அச்சிட்டிருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவு; அதை நம்பிக் காற்றடிக்கலாகாது. காலையில், ஓடிச் சூடேறுவதற்கு முன்பே அளக்கவேண்டும்.

பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயரை மாற்றவேண்டும் என்பது சட்டம். அந்த உயரத்துக்குச் சிறு மேடுகளைப் பள்ளத்துக்குள்ளேயே அமைத்திருக்கிறார்கள். பள்ளம் ஆழமாக இருந்தாலும் பிறந்த தேதியைப் பார்க்கவேண்டும். நீள்வட்டத்துக்குள் '2317' என்று நான்கு எண்கள் இருந்தால், 2017-ம் வருஷம் 23-வது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். ரப்பர் சும்மா இருந்தாலும் வருஷத்துக்கு வருஷம் இறுகி வெடிப்பு விடுகிறது. ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷந்தோறும் தெரிந்தவர்களிடம் காட்டவேண்டும். எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் பத்து வருஷத்துக்கு மேல் வேண்டாம் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. குறைவாக ஓடும் வண்டியின் டயரும், பின்பெட்டியில் படுத்திருக்கும் ஐந்தாவது டயரும் இந்த விஷயத்தில்தான் நம்மை ஏமாற்றுகின்றன.

ஆகையால், குழந்தை குட்டிகளோடு ஊருக்குப் புறப்படுமுன் வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைப்பது வைக்கட்டும். அதற்கு முன் அதை ஒரு முறை பிரதட்சிணமாகச் சுற்றி வந்து, ஐந்து டயர்களின் ஜாதகத்தையும் படித்துவிடுவது நல்லது. பத்து நிமிஷ வேலை.