607802: ஒரு தபால் எண்ணின் கணிதம்

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களை அடுத்த மந்தாரக்குப்பத்துக்குக் கடிதம் எழுதுவோர் விலாசத்தின் முடிவில் இடும் 607802 என்ற எண், சமஸ்கிருதக் கவிஞருமான ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்து 1972 ஆகஸ்டு 15 அன்று அமலுக்கு வந்த முறையின்படி, முதல் மூன்று இலக்கங்களால் கடிதம் பிரிக்கும் வட்டாரத்தையும் கடைசி மூன்றால் பட்டுவாடா செய்யும் தபாலாபீசையும் சுட்டுவதேயன்றி, கணித லட்சணம் எதையும் உத்தேசித்துப் பொறுக்கப்பட்டதன்று.

ஆயினும் அதைப் பகுத்துப் பார்த்தால் 2, 13, 97, 241 என்னும் நான்கு பகா எண்களின் பெருக்கற்பலனாக நிற்கிறது. தன்னையொழிந்த வகுஎண்கள் பதினைந்தையும் கூட்டினால் 388270 மட்டுமே வருவதால் அது குறை எண். அத்தகையவை ஏராளமாதலின் அதில் விசேஷமில்லை. விசேஷம், ஒற்றைப்படைக் கூறுகள் மூன்றும் நான்கால் வகுக்க மீதி ஒன்றே தருவதில் இருக்கிறது. அவ்வாறான பகா எண் ஒவ்வொன்றும் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக ஒரே விதத்தில் அமையும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பெர்மா கூறினார். ஆய்லர் பிற்பாடு நிரூபித்தார்.

13 என்பது 2, 3 ஆகியவற்றின் வர்க்கங்களின் கூட்டு. 97 என்பது 9, 4 ஆகியவற்றினது. ஏழாம் நூற்றாண்டிலேயே பிரம்மகுப்தர் அறிந்திருந்த விதிப்படி, இந்த ஜோடிகளை நேருக்கு நேர் பெருக்கினால் 18, 12. குறுக்கே பெருக்கினால் 8, 27. முன்னதில் கழித்துப் பின்னதில் கூட்டினால் 6, 35. முன்னதில் கூட்டிப் பின்னதில் கழித்தால் 30, 19. இவற்றுள் எந்த ஜோடியின் வர்க்கங்களைக் கூட்டினாலும், 13ஐயும் 97ஐயும் பெருக்கிய 1261 கிடைக்கும். ஒரு வழி இரண்டானது போலவே, 15, 4 ஆகியவற்றின் வர்க்கங்களாலான 241 வந்து சேர, இரண்டு நான்காகிறது. 2 என்ற கூறோ வழிகளைப் பெருக்காமல் உருவத்தை மட்டும் மாற்றுகிறது. முடிவில் நமக்குக் கிடைக்கும் ஜோடிகள்: 779, 31; 731, 271; 691, 361; 599, 499. ஐயமுடையோர் பென்சிலெடுத்துச் சரிபார்க்கலாம். முதல் ஜோடியின் வர்க்கங்கள் 606841, 961.

அடுத்த எண்ணாகிய 607803க்கு இந்தப் பாக்கியம் இல்லை. நான்கால் வகுக்க மூன்று மிஞ்சும் பகா எண்ணாகிய 3 அதில் ஒரேயொரு தடவை வருவதே எல்லா வழிகளையும் அடைத்துவிடுகிறது. சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன், 1913 ஜனவரி 16 அன்று ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய முதற் கடிதத்திலேயே, இரு வர்க்கங்களாகப் பிரியும் எண்கள் ஓர் எல்லைக்குள் எத்தனை என்று மதிப்பிடும் சூத்திரமொன்றைக் குறித்திருந்தார். அதன் பிரதானப் பகுதியை லாந்தாவ் 1908இலேயே நிறுவியிருந்தது அவருக்குத் தெரியாது. அவ்வெண்கள் மேலே செல்லச் செல்ல அருகிக்கொண்டே போகின்றன. ஆறு லட்சத்துக்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றே அத்தகையது, நான்கு வழிகளில் பிரிபவையோ அவற்றுள்ளும் சொற்பம்.