சென்னையில் பிறந்த ரோவர்

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வழியாகச் சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 நீளமாகக் கிடக்கும். தொப்பூர் வந்ததும் கணவாயில் சட்டென்று இறங்கும். நேர்ச்சாலையில் அலுப்பில்லாமல் வேகம் பிடித்து, இறக்கத்தில் சொன்னபடி அடங்கும் வண்டிதான் இந்தப் பாதைக்குச் சரி. நாலு பேரையும் அவர்கள் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு இப்படி நெடுந்தூரம் பறப்பதற்கென்றே செய்யப்பட்ட கார்களை ஐரோப்பியர் ‘கிராண்ட் டூரர்’ என்றார்கள். பிரிட்டனின் ஜென்சன் இன்டர்செப்டரும் ஆஸ்டன் மார்ட்டினும் அந்த வகையில் பேர் போனவை. அந்தக் குடும்பத்துக்கு நெருங்கிய உறவான ஒரு கார் நம் வண்டலூரிலேயே தயாரானது. அதன் பெயர் ஸ்டாண்டர்டு 2000.

அதன் தாய் வண்டி, 1976-இல் பிரிட்டனில் அறிமுகமான ரோவர் எஸ்.டி.1. வடிவமைத்தவர் டேவிட் பாச். இத்தாலியின் ஃபெராரி டேடோனாவின் சாயல் அதன் தாழ்ந்த மூக்கிலும் நீண்ட உடலிலும் தெரியும். முதலில் வந்தது எட்டு சிலிண்டர்கள் கொண்ட 3.5 லிட்டர் அலுமினிய இன்ஜின், 155 குதிரைத்திறன். ஐரோப்பாவின் 1977-ஆம் ஆண்டுக்கான சிறந்த கார் விருதை அது வாங்கியது. 1982-இல் வந்த ‘வைட்டெஸ்’ 190 குதிரைத்திறனுடன் மணிக்கு 210 கிலோமீட்டரைத் தாண்டியது.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கெஸல் கார்களைச் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1985-இல் இந்த ரோவரின் உடலை இங்கே கொண்டுவந்தது. நம் சாலைகளுக்காக வண்டியின் உயரத்தைக் கூட்டினார்கள். ஆனால் உள்ளே வைத்தது 1940-களில் உருவான, ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் வழிவந்த இன்ஜின்: நாலு சிலிண்டர், 1991 சி.சி., சுமார் 83 குதிரைத்திறன். இந்த இன்ஜின் குடும்பம் பிரிட்டனில் ஃபெர்குசன் டிராக்டரிலும் உழுதிருக்கிறது, டிரையம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியிருக்கிறது. உழைப்புக்கு அஞ்சாதது. ஆனால் அந்த உடலைப் பறக்கவைக்கப் போதாது. எரிபொருளையும் நிறையக் குடித்தது. சிக்கனமான மாருதியைப் பார்த்துவிட்ட நாடு அதை ஏற்கவில்லை. 1988-இல் உற்பத்தி நின்றது. வைட்டெஸின் இன்ஜின் கிடைத்திருந்தால் இந்தியாவின் முதல் உண்மையான நெடுந்தூரக் கார் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்று இதைப் பழையதாக வாங்க நினைப்பவர் இன்ஜினைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். முதலில் உடலைப் பாருங்கள். கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகரம், சக்கர வளைவுகள், பின்கதவின் அடிவிளிம்பு, தரை ஆகியவைதான் எஸ்.டி.1 துருப்பிடிக்கும் இடங்கள். கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். பெயின்ட் பளபளத்தும் காந்தம் ஒட்டாவிட்டால் உள்ளே பட்டிதான் இருக்கிறது. டிங்கரிங் செலவு வண்டி விலையையே விழுங்கிவிடும். கண்ணாடி, விளக்கு, உட்புறப் பிளாஸ்டிக் எல்லாம் முழுதாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டலூரில் மிஞ்சிக் கிடந்த ரோவர் உதிரிபாகங்களைப் பிரிட்டனின் ரிம்மர் பிரதர்ஸ் வாங்கிப் போய்விட்டது. சென்னையில் செய்த பாகத்தை இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டிய நிலை.

இன்ஜின் கதை வேறு. இதில் சிலிண்டர் லைனர்கள் தனியே கழற்றக்கூடியவை, சுற்றிலும் தண்ணீர் ஓடும். தேய்ந்தால் பிளாக்கைத் துளைக்காமல் லைனரையே மாற்றலாம். லைனரின் அடிச் சீல் போனால் தண்ணீர் ஆயில் சம்ப்பில் இறங்கும். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள், வெள்ளையாக நுரைத்திருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். கோடையில் தருமபுரி வெயிலில் அரை மணி நேரம் ஓட்டி ரேடியேட்டர் தாங்குகிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். பிரேக்கைச் சமதளத்தில் சோதியுங்கள். தொப்பூரில் வேண்டாம். அங்கே எந்த வண்டியையும் நியூட்ரலில் விடாமல் தாழ்ந்த கியரில்தான் இறக்க வேண்டும்.

அடுத்து, காகிதங்களைப் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். பெங்களூரு வண்டியென்றால் கர்நாடகத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் தருமபுரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வேலை நடக்காது, இங்கே வரியும் கட்ட வேண்டும். பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்பதால் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று தேதியைப் பாருங்கள். 2021-இல் வந்த பழங்கால வாகன விதி 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு மட்டுமே, அதனால் 1985 மாடலுக்குக்கூட 2035 வரை அந்தச் சலுகை கிடையாது.

உங்கள் ஊரில் ஏதாவது கொட்டகையில் ஒரு ஸ்டாண்டர்டு 2000 நின்றுகொண்டிருந்தால், தயவுசெய்து அதைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள். ஓடாவிட்டாலும் அதன் கதவும் விளக்கும் இன்னொரு வண்டியை ஓடவைக்கும்.