செண்பகத்தோப்பு ஓடைக்கும் கடலின் சூட்டுக்கும் என்ன தொடர்பு?

ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மழை பிடித்துக்கொண்டால், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பில் ஓடையைக் கடந்து காட்டழகர் கோயிலுக்குப் போவது சிரமம். ‘மலையடிவாரத்துக்கும் கடலுக்கும் என்னங்க சம்பந்தம்?’ என்று தோன்றலாம். வடகிழக்குப் பருவமழைக்கான ஈரம் பெரும்பாலும் வங்கக் கடலிலிருந்துதான் வருகிறது. அந்தக் கடல் எவ்வளவு சூட்டைச் சேர்த்து வைத்திருக்கிறது என்பது புயல் கணிப்புக்கு முக்கியம்.

மேல்பரப்பின் வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதாதா? போதாது. தாம்பாளத்தில் ஊற்றிய வெந்நீர் சீக்கிரம் ஆறிவிடும். அண்டாவில் இருப்பது அவ்வளவு லேசில் ஆறாது. புயல்காற்று கடலைக் கலக்கி, அடியில் இருக்கும் குளிர்ந்த நீரை மேலே இழுத்துவரும். சூடு மேலாக்க மட்டும் இருந்தால் புயலின் வேகம் மட்டுப்படும். ஆழம்வரை இருந்தால், கலக்கக் கலக்க வெந்நீர்தான் வரும். புயலுக்குத் தீனி தீராது. வங்கக் கடலில் கங்கை, பிரம்மபுத்திரா போன்ற ஆறுகளின் நன்னீர் உப்பு நீர்மேல் மிதந்து, இந்தக் கலக்கலையே தடுக்கும்.

கணக்கு எப்படி? 26 டிகிரி செல்சியஸ் வெப்பம் எந்த ஆழம்வரை இருக்கிறது என்று பார்ப்பார்கள். அதற்கு மேலே உள்ள நீரில் 26-ஐத் தாண்டிய சூட்டை மட்டும் கூட்டுவார்கள். சராசரி 28.5 டிகிரியில் 50 மீட்டர் ஆழம்வரை நீர் இருந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 51 கிலோஜூல். அதே சூடு 100 மீட்டர்வரை இருந்தால், மேலே தொட்டுப் பார்க்க வித்தியாசமே தெரியாது. கணக்கு மட்டும் இரட்டிப்பாகும்.

அளப்பதற்கு ஆர்கோ மிதவைகள் உள்ளன. சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போகும். பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டருக்கு இறங்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்தபடி மேலேறி, செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும். இந்தியாவில் இந்தத் தரவுகளைக் கையாள்வது ஹைதராபாத்தின் ‘இன்காய்ஸ்’ நிறுவனம்.

பத்து நாள் இடைவெளி என்பதுதான் சிக்கல். 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, மறுநாளே குமரிக் கடலில் புயலாகிவிட்டது. கடலுக்குப் போயிருந்த மீனவர்கள் பலர் திரும்பவில்லை. (அதற்குக் கடல் சூடு மட்டுமே காரணமல்ல, மேலடுக்குக் காற்றும் ஒத்துழைக்க வேண்டும்.) அந்த இடைவெளியை நிரப்பத்தான் சென்னையின் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நங்கூரமிட்டு நிறுத்தியிருக்கும் மிதவைகளும், கடல்மட்ட உயரத்தை அளக்கும் செயற்கைக்கோள்களும். சூடானால் நீர் விரியும். கடல் சில சென்டிமீட்டர் புடைத்துத் தெரியும் இடத்தில், அடியில் வெந்நீர் தடிமனாக இருக்கிறது என்று ஊகிக்கிறார்கள்.