ஆழ்கடலுக்கும் பருவம் உண்டு

கடல் என்றவுடன் கரையில் மோதும் அலைகளே நினைவுக்கு வரும். கண்ணுக்குப் புலப்படாத அலைகளும் கடலுக்குள் உள்ளன. கதிரவனால் வெப்பமுற்ற மேல்நீர் அடர்த்தி குறைந்தது. அடியிலுள்ள குளிர்நீர் அடர்த்தி மிகுந்தது. இவ்விரு நீரடுக்குகளின் எல்லையில் எழுபவை உள்ளலைகள் எனப்படும். அடுக்குகளின் அடர்த்தி வேறுபாடு மிகச் சிறிது. ஆதலால், சிறிதளவு ஆற்றலே இவ்வலைகளைப் பெரிதும் உயர்த்திவிடும். நூறு மீட்டருக்கு மேல் எழும் உள்ளலைகளும் உண்டு. அப்போதும் கடற்பரப்பு ஏறத்தாழ அமைதியாகவே காணப்படும்.

1893ஆம் ஆண்டு நார்வே நாட்டு ஆய்வாளர் நான்சென், 'ஃபிராம்' என்னும் கப்பலில் ஆர்க்டிக் கடலில் சென்றார். அங்கு ஓரிடத்தில் கப்பலின் வேகம் காரணம் தெரியாமல் குன்றியது. உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர் அடுக்குப் பரவியிருந்ததையும், அவற்றின் எல்லையில் உள்ளலைகளை எழுப்புவதிலேயே கப்பலின் ஆற்றல் செலவானதையும் சுவீடன் அறிஞர் எக்மன் 1904இல் விளக்கினார்.

திறந்த பெருங்கடலில் உள்ளலைகளை எழுப்புவன முதன்மையாக இரண்டு: ஓதமும் காற்றும். ஓதம் ஆண்டு முழுவதும் இயங்குவது. காற்றோ பருவத்துக்கேற்ப மாறுவது. புயற்காற்று மேல்நீரை உந்தியபின் ஓய்ந்தாலும், நீரின் ஓட்டம் உடனே நிற்பதில்லை. புவியின் சுழற்சியால் அது வட்டமாகத் திரும்புகிறது. வட அரைக்கோளத்தில் வலஞ்சுழியாகவும் தென் அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகவும் திரும்பும். ஒரு சுற்றுக்குத் துருவத்தில் ஏறத்தாழ 12 மணி நேரமும், 30 பாகை அகலாங்கில் 24 மணி நேரமும் ஆகும். புயல் கடந்து செல்கையில் காற்றின் திசையும் அதே வேகத்தில் திரும்புமாயின், உரிய தருணத்தில் தள்ளப்படும் ஊஞ்சலைப்போல நீரோட்டம் வலுப்பெறும். அப்போது நீர் ஓரிடத்தில் குவியும், மற்றோரிடத்தில் விலகும். குவியுமிடத்தில் கீழெல்லை அழுந்தும், விலகுமிடத்தில் உயரும். இவ்வசைவே உள்ளலையாகிக் கீழ்நோக்கிப் பரவுகிறது.

1987ஆம் ஆண்டு அக்டோபரில் வடகிழக்குப் பசிபிக் கடலில் வீசிய புயலொன்றை ஆய்வாளர்கள் கருவிகள் கொண்டு அளந்தனர். புயல் எழுப்பிய சுழலோட்டத்தின் ஆற்றல் மேலடுக்கிலிருந்து நீங்க ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆயின. அவ்வட்டாரத்தில் கூதிர்ப் பருவத்திலும் குளிர்காலத்திலும் இத்தகைய புயல்கள் அடுத்தடுத்து வருகின்றன. கோடையில் அவை அரிது. ஆகவே, காற்றால் எழும் உள்ளலைகளின் ஆற்றல் குளிர்காலத்தில் பெருகிக் கோடையில் தணிகிறது. வெயிலின் வெம்மை எட்டாத ஆழத்தையும் மேலே நிகழும் பருவமாற்றம் இவ்வாறு எட்டுகிறது.

இந்த ஆற்றலின் பயன் யாது? உள்ளலைகள் உடையும்போது அடுக்குகள் கலக்கின்றன. மேல்நீரின் வெப்பம் கீழே இறங்குகிறது. அடிநீரின் ஊட்டச்சத்துகள் மேலே வருகின்றன. அவற்றை உண்டு மிதவைத் தாவரங்கள் வளர்கின்றன. அவற்றைச் சார்ந்தே மீன்வளம் அமைகிறது. புயல்களின் வலிமையோ வழித்தடமோ மாறினால் இக்கலப்பும் மாறும். எனவே, புவியின் வருங்காலத் தட்பவெப்பத்தைக் கணிக்க முயல்வோர் வானத்துக் காற்றோடு, அது கடலுக்குள் எழுப்பும் அலைகளையும் கணக்கில் கொள்ளவேண்டியுள்ளது.