சுவீடனின் இரு டர்போ கார்கள்

எஞ்சின் வெளியேற்றும் புகையின் விசையாலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவியே டர்போ. சிறிய எஞ்சினும் இதனால் பெரிய எஞ்சினின் வலிமையைப் பெறுகிறது.

விமானம் கட்டிப் பழகிய சாப் நிறுவனத்தின் 99 டர்போ 1978-இல் விற்பனைக்கு வந்தது. 2 லிட்டர் எஞ்சின், 145 குதிரைத்திறன், முன்சக்கர இயக்கம். குடும்பக் காருக்கும் டர்போ பொருந்தும் என்று காட்டிய பெருமை இதற்கு உண்டு. 1981-இல் வந்த வால்வோ 240 டர்போவுக்கு 155 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம். செங்கல்லைப் போன்ற அதன் உருவத்தை நகைத்தோர் பலர். அதுவே 1985-இல் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன் பட்டத்தை வென்றது!

பழங்கார் சேகரிப்போர் எதனை வாங்குவது? வரலாற்றுச் சிறப்பு சாபுக்கே. ஆயினும் அந்தக் கார் நிறுவனம் 2011-இல் திவாலாகிவிட்டது; எஞ்சினுக்கு அடியில் அமைந்த அதன் கியர்பெட்டியும் டர்போவின் விசையைத் தாங்குவதில் சற்று மெலிது. அடிக்கடி ஓட்ட விரும்புவோருக்கு வால்வோவையே பரிந்துரைப்பேன்.