கேட் வரைவுக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு?

கேட் (CAD) எனப்படும் கணினி வரைவு மென்பொருளில் வரைபவர்களுக்கு இரண்டு வகை கிராபிக்ஸ் கார்டுகள் உண்டு. என்விடியாவின் ஜீஃபோர்ஸும் ஏஎம்டியின் ரேடியானும் கணினி விளையாட்டுக்காகச் செய்யப்படுபவை. அதே நிறுவனங்களின் ஆர்டிஎக்ஸ் ஏ வரிசையும் ரேடியான் புரோவும் வேர்க்ஸ்டேஷன் கார்டுகள், அதாவது தொழில்முறைக் கார்டுகள். என்விடியாவின் தொழில்முறைக் கார்டுகள் 1999 முதல் குவாட்ரோ என்ற பெயரில் வந்தன. 2020இல் நிறுவனம் அந்தப் பெயரைக் கைவிட்டாலும் கடைப்பேச்சில் அது இன்னும் போகவில்லை.

விலை வித்தியாசத்தைப் பார்ப்பவர்கள் உள்ளே இருக்கும் சில்லே வேறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. ஜீஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3070 டிஐ, ஆர்டிஎக்ஸ் ஏ4000 இரண்டிலும் இருப்பது ஜிஏ104 என்ற ஒரே சில்லு; கணிப்பு அலகுகளும் இரண்டிலும் 6,144தான். முன்னது 599 டாலருக்கு அறிமுகமானது, பின்னது ஏறத்தாழ 1,000 டாலருக்கு. ஏ4000இல் நினைவகம் 16 ஜிபி, மற்றதில் 8 ஜிபி. ஏ4000 இழுக்கும் மின்சாரம் 140 வாட், மற்றது 290 வாட். நினைவகப் பிழையைத் தானே கண்டு திருத்தும் வசதியும் ஏ4000இல் உண்டு. பல மணி நேரம் ஓடும் பொறியியல் கணிப்புக்கு அது பயன்படும். வீட்டுத் திட்டம் வரைபவருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

உண்மையான வேறுபாடு, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில் இருக்கிறது. விளையாட்டில் திரையை நிரப்புவது படம் போர்த்திய முக்கோணங்கள். கேட்டில் முக்கோணங்களின் மேல் ஆயிரக்கணக்கான விளிம்புக் கோடுகளும் வர வேண்டும். பின்பக்கம் தெரியும் பரப்புகளுக்கும் ஒளி விழ வேண்டும். இவற்றை விரைவாகச் செய்யும் வழிகளைத் தொழில்முறை டிரைவரில் திறந்தும் விளையாட்டு டிரைவரில் மூடியும் வைப்பது நிறுவனங்களின் வணிக முடிவு. 2000களின் தொடக்கத்தில் சில ஜீஃபோர்ஸ் கார்டுகளை மென்பொருளாலேயே குவாட்ரோவாகக் காட்டி, தொழில்முறை டிரைவரை ஓடவைத்தவர்கள் உண்டு. 2017இல் டைட்டன் எக்ஸ்பி கார்டுக்கு என்விடியா புதிய டிரைவர் ஒன்றை வெளியிட்டது. சில தொழில்முறை மென்பொருள்களில் வேகம் மூன்று மடங்குவரை கூடியது, கார்டில் ஒரு திருகுகூட மாறாமல்.

ஆகவே கார்டைப் பார்க்கும் முன் மென்பொருளைப் பார்க்க வேண்டும். ஆட்டோகேட், ரெவிட் இரண்டும் விளையாட்டுகளைப் போலவே டைரக்ட்எக்ஸ் இடைமுகம் வழியாகத் திரையில் வரைகின்றன. விளையாட்டுக் கார்டு அவற்றுக்குத் தாராளமாகப் போதும். சாலிட்வொர்க்ஸ், சீமென்ஸ் என்எக்ஸ், கிரியோ, கேட்டியா ஆகியவை ஓப்பன்ஜிஎல் என்ற வேறோர் இடைமுகத்தின் மரபில் வந்தவை. டிரைவர் வேறுபாடு அங்கேதான் உறைக்கும். என்எக்ஸ் இதில் மோசம்: விலை கூடிய ஜீஃபோர்ஸ்கூட எளிய குவாட்ரோவிடம் தோற்கும். சாலிட்வொர்க்ஸின் ரியல்வியூ காட்சிமுறை, மென்பொருள் நிறுவனத்தின் சான்று பெற்ற தொழில்முறைக் கார்டு இல்லாவிட்டால் திறக்காது.

இலங்கையின் பதுளை மாவட்டத்தில் வரைவு வேலையின் பெரும்பகுதி முதல் வகையை, அதாவது ஆட்டோகேட், ரெவிட் வகையைச் சேர்ந்தது. வீடு, கடை, பாதை, மதகு, தாங்குசுவர், காணி அளவை. இந்திய உதவியுடனான தோட்ட வீடமைப்புத் திட்டத்தின் வீட்டை எடுத்துக்கொள்ளலாம்: 7 பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி. அதன் தரைத் திட்டத்தையும் கூரை வெட்டுத்தோற்றத்தையும் ஆட்டோகேட்டில் வரைய, புரோசஸரோடு சேர்ந்தே வரும் கிராபிக்ஸ்கூடச் சமாளிக்கும். இதற்கு வேர்க்ஸ்டேஷன் கார்டு வாங்குவது வீண் செலவு. அந்தப் பணத்தில் 32 ஜிபி ராமும் ஒற்றைக் கோரில் வேகமான புரோசஸரும் வாங்கினால் வேலை கண்ணுக்குத் தெரிய வேகமாகும். முப்பரிமாண வரைவிலும், ஒரு துளையை நகர்த்தியபின் மாதிரி மீண்டும் உருவாக எடுக்கும் நேரம் கார்டின் கணக்கில் சேராது. அது புரோசஸரின் வேலை, அதிலும் பெரும்பாலும் ஒரே கோரின் வேலை.

மலைச்சரிவுக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்ணுக்குள் புதைந்த மாவட்டம் இது. வீடு கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீடு கேட்கப்படுகிறது. சரிவை டிரோனால் அளந்து புள்ளித்திரளாக்கினால் கார்டின் நினைவகம் முக்கியமாகிவிடும். ஒரு புள்ளியின் இடத்துக்கு 12 பைட், நிறத்துக்கு 4 பைட் என்றால் 20 கோடிப் புள்ளிகளுக்கு 3.2 ஜிபி, 50 கோடிக்கு 8 ஜிபி, அதாவது 3070 டிஐயின் நினைவகம் முழுவதும். இந்த வேலைக்குத் தொழில்முறை டிரைவர் தேவையில்லை, இடம்தான் தேவை. 12 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற விளையாட்டுக் கார்டு இங்கே நல்ல தெரிவு. வாடிக்கையாளருக்கு வண்ணக் காட்சி காட்டும் லூமியன், டுவின்மோஷன் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். டுவின்மோஷன் அன்ரியல் என்ற விளையாட்டு இயந்திரத்தின் மேலேயே கட்டப்பட்டது.

எந்தக் கார்டும் தீர்க்காத கோளாறு ஒன்றும் உண்டு. அளவைப் படத்தை ரெவிட்டிலோ ஸ்கெச்அப்பிலோ அப்படியே இறக்கினால், உருப்பெருக்கும்போது கோடுகள் துடிக்கும், சுவர் விளிம்பு உடையும். பழி உடனே கார்டின் மேல் விழும். காரணம் ஆள்கூறுகள். எஸ்எல்டி99 என்ற இலங்கை அளவை முறையின் மையம் பீதுருதாலகலை. அங்கே கிழக்கு, வடக்கு இரண்டும் 500,000 மீட்டர். பதுளை நகரம் அதற்குக் கிழக்கே சுமார் 31 கிலோமீட்டரில் இருப்பதால் அதன் கிழக்கு ஆள்கூறு 531,000ஐ ஒட்டி வரும். கார்டுகள் வழக்கமாகக் கையாளும் 32 பிட் மிதவைப்புள்ளி எண்ணில் 524,288ஐத் தாண்டியபின் அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடையிலான படி 6.25 சென்டிமீட்டர். நாலரை அங்குலச் செங்கல் சுவரின் தடிப்பு 11.4 சென்டிமீட்டர், இரண்டு படிகூட இல்லை. வடக்கு ஆள்கூறு 499,000 அளவில் நிற்பதால் அந்தத் திசையில் படி பாதிதான்; ஒரு திசையில் நடுக்கம் கூடுதலாகத் தெரிவதற்கு அதுவே காரணம். படத்தைப் பூச்சியப் புள்ளிக்கு அருகே நகர்த்தி, உண்மை ஆள்கூறைத் தனியே பதிந்துவைத்தால் போதும். ரெவிட் தன் உள்மையத்திலிருந்து 16 கிலோமீட்டருக்கு அப்பால் துல்லியத்துக்குப் பொறுப்பேற்பதே இல்லை.

தொழில்முறைக் கார்டு தன் விலைக்கு வேலை செய்யும் இடம் இயந்திர வடிவமைப்பு. ஹப்புத்தளைக்கு மேலே லிப்டன் 1890இல் நிறுவிய தம்பேதென்னைத் தொழிற்சாலை போன்ற பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் தேய்ந்த பற்சக்கரத்துக்கு மாற்று எப்போதும் கடையில் கிடைக்காது. அளந்து வரைந்துதான் வார்க்க வேண்டும். ஒற்றைச் சக்கரத்துக்கு எந்தக் கார்டும் போதும். உருட்டும் இயந்திரம் முழுவதையும், வரிகள் பதித்த மேசை, உருளை, அழுத்தும் மூடி, அடியிலுள்ள சுழற்றுக் கைகள் என்று சாலிட்வொர்க்ஸில் ஒன்றுசேர்த்து விளிம்புகளோடு சுழற்றும்போதுதான் ஆர்டிஎக்ஸ் ஏ2000 போன்ற சிறு கார்டும் தன்னைவிடப் பலமான ஜீஃபோர்ஸுக்கு ஈடுகொடுக்கும். (ஒவ்வொரு போல்ட்டிலும் புரியை உண்மையாகவே வெட்டி வரைபவருக்கு இரண்டுமே உதவா.) ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ பயிலும் மாணவர் வரையும் சில டசின் உதிரிகளுக்கு விளையாட்டுக் கார்டே போதும், ரியல்வியூ இல்லாததால் மதிப்பெண் குறையாது.

மின்சாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும், மழைக்காலத்தில் விநியோகம் அடிக்கடி தடைப்படும் தோட்டப்புறத்தில் குறிப்பாக. பரவலாக விற்கும் 650 விஏ யூபிஎஸ் தருவது 360 வாட் அளவில்தான். புரோசஸருக்கு 125, திரைக்கும் மற்றவற்றுக்கும் 50 என்று வைத்தால் 3070 டிஐயோடு மொத்தம் 465 வாட். முழு வேலையில் இருக்கும்போது மின்சாரம் போனால் யூபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்துவிடலாம். ஏ4000 என்றால் 315 வாட், படத்தைச் சேமித்து மூட நேரம் கிடைக்கும். ஏ2000க்கு 70 வாட் போதும், தனி மின்கம்பியும் வேண்டாம். உயரம் குறைந்த கார்டு என்பதால் அலுவலகங்கள் கழித்துவிட்ட சிறிய கணினிப் பெட்டிகளிலும் பொருந்தும். 170 வாட் தேவைப்படும் ஆர்டிஎக்ஸ் 3060 அந்தப் பெட்டிகளில் நுழையாது.

பழைய கார்டு வாங்குவதானால் குவாட்ரோ என்ற பெயரை மட்டும் நம்பக் கூடாது. கே2000, கே4000 போன்ற கெப்ளர் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய டிரைவர்கள் நின்றுவிட்டன. சான்றின் பயன் டிரைவரோடு போய்விடுகிறது. சாலிட்வொர்க்ஸும் ஆட்டோடெஸ்க்கும் தங்கள் தளங்களில் வைத்திருக்கும் சான்றுப் பட்டியல்களில், மென்பொருளின் பதிப்பு, கார்டு, டிரைவர் எண் மூன்றையும் பொருத்திப் பார்த்தபின் பணம் கொடுக்கலாம்.