பார்க்க மட்டும் ஒரு சாவி

ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்துநான்கு வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவனை வீட்டில் சும்மா இருக்க விடுகிறார்களா? மிக்ஸி ரிப்பேர் முதல் கம்ப்யூட்டர் கோளாறு வரை எல்லாம் நம் தலையில்தான். அப்படி வந்த ஒன்றைச் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்து கொள்கிறேன். கடை கண்ணி வைத்திருப்பவர்களுக்கு உதவக்கூடும்.

நம் மைசூரு சந்தேபேட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர். கீழே கிடங்கில் பில் போட ஒரு கம்ப்யூட்டர், மாடியில் அவர் அறையில் இன்னொன்று. சில நாட்களாக இரவு எட்டு மணிக்கு மேல் கீழே உள்ளது திடீரென்று அணைந்து, பாதியில் நின்ற பில்கள் காணாமல் போயின. பில் போடுபவன் நஞ்சன்கூடு பக்கத்துப் பையன். "காசை வாங்கிக்கிட்டு சுவிட்சை அணைச்சுடறான் சார்" என்பது நண்பரின் தீர்ப்பு. மாதக் கடைசியில் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவதாக இருந்தார். பையனோ, "ஸார், நானு ஆஃப் மாடில்ல" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியாமல் நின்றான்.

இந்த மாதிரி வழக்கு எனக்குப் பழக்கமானது. சிக்னல் சிவப்பா பச்சையா என்று டிரைவர் ஒன்று சொல்வார், ஸ்டேஷன் மாஸ்டர் ஒன்று சொல்வார். நாங்கள் இருவரையும் விட்டுவிட்டு டேட்டா லாகரைப் பார்ப்போம். எந்த ரிலே எப்போது எழுந்தது, எப்போது விழுந்தது என்று அது நேரத்தோடு குறித்து வைத்திருக்கும்.

விண்டோஸிலும் அப்படி ஒரு குறிப்பேடு உண்டு. 1993ல் வந்த விண்டோஸ் என்.டி. 3.1 காலத்திலிருந்தே இருக்கிறது. ஈவன்ட் வியூவர் என்று பெயர். அதில் 1074 என்ற எண் இருந்தால் யாரோ ஒருவரோ, ஒரு புரோகிராமோ முறைப்படி அணைத்தது என்று அர்த்தம். யார் பெயரில் என்பதும் இருக்கும். 6008 என்றால் எதிர்பாராமல் நின்றது. 41 என்றால் முறையாக அணையாமலே மறுபடி கிளம்பியது.

கீழே உட்கார்ந்து பார்த்துவிடலாமே என்பீர்கள். ஒரு நாள் என்றால் சரி. எனக்கோ தினமும் இரண்டு கம்ப்யூட்டரின் குறிப்பையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. வியாபார நேரத்தில் பில் போடும் இடத்தை யார் விட்டுத் தருவார்கள்? ஆகவே மாடியிலிருந்தே, ஈவன்ட் வியூவரில் வேறு கம்ப்யூட்டரோடு இணைக்கும் வசதியைத் திறந்து, கீழுள்ளதன் பெயரைக் கொடுத்தேன்.

முதலில் வந்த பதில் 1722. ஆர்.பி.சி. சர்வர் கிடைக்கவில்லை என்றது. இது அனுமதிப் பிரச்சினை அல்ல, வாசலே தெரியவில்லை என்ற பிரச்சினை. பலர் இங்கேயே கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு நேரத்தை வீணாக்குவார்கள். கீழுள்ளதன் ஃபயர்வாலில் ரிமோட் ஈவன்ட் லாக் மேனேஜ்மென்ட் என்ற வரிக்கு, பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும், அனுமதி கொடுத்தேன். 1722 போய், "ஆக்சஸ் இஸ் டினைட்", பிழை எண் 5 வந்தது. எனக்குச் சந்தோஷம்! வாசலுக்கு வந்துவிட்டோம், காவல்காரன்தான் மறிக்கிறான்.

நண்பருக்கோ கோபம். "ரெண்டுலயும் என் பேர்தான், ஒரே பாஸ்வேர்டுதான், நான்தான் அட்மினிஸ்ட்ரேட்டர். எனக்கே இல்லைன்னா எப்படி சார்?" நியாயமான கேள்வி. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் ஒரு வேலை செய்கிறது. டொமைன் இல்லாத சிறிய நெட்வொர்க்கில், நாமாக உருவாக்கிய அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு நேரில் உட்கார்ந்தால்தான் முழு அதிகாரி. நெட்வொர்க் வழியாக வந்தால் அந்த அதிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடும். திருடன் கடவுச்சொல்லோடு வந்தால் என்ன செய்வது என்ற ஜாக்கிரதைதான்.

பெங்களூரில் இருக்கும் நண்பரின் மருமகன் போனில் யோசனை சொன்னார். "ரெஜிஸ்ட்ரியில லோக்கல் அக்கவுன்ட் டோக்கன் ஃபில்டர் பாலிசின்னு ஒண்ணு இருக்கு அங்கிள், அதை 1 ஆக்கிடுங்க, முடிஞ்சுது." முடியும்தான், பொய்யில்லை. ஆனால் குறிப்பேட்டைப் படிப்பதற்காக, அதை அழிக்கும் அதிகாரத்தையும் நெட்வொர்க்கில் திறந்து வைத்தால், நாளை அந்தக் குறிப்பேட்டை யார் நம்புவார்கள்? ரிலே ரூமுக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், ஒன்று எங்களிடம். இருவரும் சேராமல் கதவு திறக்காது. அந்தப் பழக்கத்தில் வந்தவன் நான்.

மதிய உணவு இடைவேளையில் நண்பரையும் பையனையும் இரண்டு பக்கமும் நிற்க வைத்துக்கொண்டு, கீழுள்ளதில் புதிதாக ஒரு சாதாரணக் கணக்கு உண்டாக்கினேன். கடவுச்சொல் கட்டாயம், அது இல்லாத கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக ஏற்காது. பின் நம்பரும் இதற்கு உதவாது. அந்தக் கணக்கை ஈவன்ட் லாக் ரீடர்ஸ் என்ற குழுவில் சேர்த்தேன். அந்தக் குழுவால் படிக்கலாம், அழிக்க முடியாது. மாடிக்கு வந்து, வேறு பயனர் பெயரில் இணை என்பதைக் குறியிட்டு, அந்தப் பெயரைக் கொடுத்தேன். திறந்துகொண்டது.

பில் காணாமல் போன நான்கு மாலைகளிலும் 1074 இல்லை. 6008, 41 இரண்டும் இருந்தன. 41க்குள் போய்ப் பார்த்தால், கோளாறு எண்ணும் பூஜ்யம், பவர் பட்டனை அழுத்திப் பிடித்த நேரமும் பூஜ்யம். நீலத்திரையும் இல்லை, பட்டனும் இல்லை, கரண்டே போயிருக்கிறது.

"பிளக்கைப் பிடுங்கியிருப்பான்" என்றார் நண்பர். அப்படிப் பிடுங்கினாலும் இதே குறிப்புதான் வரும் என்பது உண்மை. அதற்காகத்தான் மாடிக் கம்ப்யூட்டரின் குறிப்பை அருகில் வைத்தேன். அதற்கு யு.பி.எஸ். கிடையாது. முதலில் இரண்டின் கடிகாரத்தையும் ஒப்பிட்டேன். நாற்பது விநாடி வித்தியாசம், பாதகமில்லை. அதே நான்கு மாலைகள், சில நிமிஷ இடைவெளியில் அங்கும் 6008. மாடி அறைப் பூட்டின் சாவி நண்பர் இடுப்பில்! விளக்கும் விசிறியும் இன்வெர்ட்டரில் ஓடியதால் கரண்ட் போய் வந்தது யாருக்கும் உறைக்கவில்லை.

பாக்கி இருந்தது கீழே உள்ள யு.பி.எஸ். மட்டும். கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு நூறு வாட் பல்பு ஒன்றை மாட்டி, சுவரிலிருந்து பிளக்கை எடுத்தேன். நான்கே விநாடி, இருட்டு. பாட்டரி போட்டு ஐந்து வருஷமாம். அந்த ரகத்துக்கு மூன்று வருஷமே அதிகம்.

நண்பர் வாயால் எதுவும் சொல்லவில்லை. பையனைக் கூப்பிட்டு, "மூணு காபி சொல்லு, உனக்கும் சேர்த்து" என்றார். மறுநாள் புது பாட்டரி வந்தது. போட்ட தேதியை ஒரு சீட்டில் எழுதிப் பையனே ஒட்டினான். எனக்காக உண்டாக்கிய கணக்கை அன்று மாலையே நண்பர் முன்னிலையில் முடக்கிவிட்டேன். வேலை முடிந்ததும் சாவியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது பழைய பழக்கம். இங்கே கையெழுத்துக்குப் பதில் இன்னொரு காபி கிடைத்தது.